பச்சைப் படிவத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

யாங்கோனின் ஆலைப் பகுதியான லைங் தாயாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் அக்கா ஐந்து ஆண்டுகளாகத் தையல் ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது. பர்மாவுக்குத் தரும் வரிச் சலுகையை ஐரோப்பா நிறுத்த வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நிறுத்தினால் ஆலை மூடிவிடும் என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள். சட்டைக்கான வரிக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம்? யார் சொல்வது சரி?"

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வரிக்கும் மனித உரிமைக்கும் முடிச்சுப் போட்டது யார் என்பது ஒன்று. அந்த முடிச்சை இறுக்கினால் உங்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடுமா என்பது இன்னொன்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான் என்று புரிகிறது. ஆனால் முதலாவதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது. நான் 1992 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் யாங்கோனில் ஏற்றுமதி ஆவணங்கள் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவன். கடல் தாண்டி இயற்றிய சட்டங்கள் எங்கள் மேசைக்கும், மேசையிலிருந்து தையல் வரிசைக்கும் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அக்கா தைக்கும் சட்டையிலிருந்தே தொடங்குகிறேன். சலுகை எதுவும் இல்லாத நாட்டிலிருந்து ஓர் ஆயத்த ஆடை ஐரோப்பியத் துறைமுகத்தில் இறங்கினால், பெரும்பாலும் அதன் மதிப்பில் 12 விழுக்காடு இறக்குமதி வரி. பர்மாவில் தைத்த சட்டைக்கு அந்த வரி இல்லை. சட்டையின் மதிப்பு ஐந்து டாலர் என்று வைத்துக்கொண்டால் அறுபது சென்ட் மிச்சமாகிறது. நம் ஆலைகளில் பெரும்பாலானவை வாங்குபவர் அனுப்பும் துணியை வெட்டி, தைத்து, பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புபவை. துணியும் நூலும் பொத்தானும் அவர்களுடையவை, நமக்குக் கிடைப்பது கூலி மட்டும். அந்தக் கூலியோடு வைத்துப் பாருங்கள், அறுபது சென்ட் எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். ஆர்டரை இங்கே கொடுப்பதா, வேறு நாட்டில் கொடுப்பதா என்று வாங்குபவர் யோசிக்கும்போது இந்த வித்தியாசம்தான் முதலில் அவர் கண்ணில் படுகிறது.

சலுகையைப் பெற எங்கள் காலத்தில் ஒரு தாள் வேண்டும். அதற்குப் 'படிவம் ஏ' என்று பெயர். எதையும் சுரண்டித் திருத்தினால் உடனே காட்டிக்கொடுக்கும்படி, தாள் முழுவதும் நெளிநெளியாகப் பச்சைக் கோடுகள் அச்சாகியிருக்கும். பன்னிரண்டு கட்டங்கள். எட்டாவது கட்டத்தில் ஒரே ஓர் எழுத்து முக்கியம்: சரக்கு முழுக்க இந்த மண்ணில் விளைந்ததென்றால் 'பி', வெளிநாட்டுப் பொருளை வைத்து இங்கே செய்ததென்றால் 'டபிள்யூ'. தட்டச்சில் அந்த எழுத்து பிசகிவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அன்று மாலை கப்பல் புறப்படுகிறது என்றால் கை நடுங்கும்.

அந்தப் பன்னிரண்டு கட்டங்களில் எதிலும் "உங்கள் நாட்டில் ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்களா?" என்று கேட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வி தாளுக்குப் பின்னால் இருந்த சட்டத்தில் இருந்தது. 1997 மார்ச் மாதம் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துப் பர்மாவின் சலுகையை நிறுத்தியபோதுதான் எங்கள் அலுவலகத்தில் பலருக்கு அது தெரிந்தது. ஐரோப்பாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த படிவக் கட்டு அலமாரியிலேயே கிடந்து மஞ்சளாகிப் போனது.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஏழை நாடுகளின் பொருள்களுக்குப் பணக்கார நாடுகள் குறைந்த வரி போடலாம் என்ற ஏற்பாடு 1968-ல் புது டில்லியில் நடந்த ஐக்கிய நாடுகளின் வர்த்தக, வளர்ச்சி மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐரோப்பா 1971-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, அமெரிக்கா 1976-ல். இது உடன்படிக்கையில் கையெழுத்திட்டு வாங்கிய உரிமை இல்லை, கொடுப்பவர் தாமாகக் கொடுக்கும் சலுகை. ஆகவே கொடுக்கும்போதே நிபந்தனை வைக்கவும், பிறகு நிறுத்தவும் அவர்களால் முடிகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. சில நாடுகளுக்கு மட்டும் ஐரோப்பா கூடுதல் சலுகை தந்ததை எதிர்த்து இந்தியா உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டது. 2004-ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, ஒரே நிலையில் உள்ள நாடுகளை ஒரே அளவுகோலால் பார்க்க வேண்டும் என்றது. நினைத்தவருக்குக் கொடுத்து நினைத்தவரிடம் பறிக்கும் காலம் அதோடு ஓரளவு முடிந்தது.

மனித உரிமையை வர்த்தகச் சட்டத்துக்குள் வெளிப்படையாக எழுதிய முதல் பெரிய முயற்சி, அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் இருக்கும் ஜாக்சன்–வானிக் திருத்தம். நாட்டை விட்டு வெளியேற விரும்பிய படித்தவர்கள்மீது சோவியத் ஒன்றியம் 1972-ல் பெருந்தொகை வரி விதித்தது. யூதர்கள்தாம் அதில் அதிகம் அடிபட்டார்கள். குடிமக்களை வெளியேற விடாத பொதுவுடைமை நாடுகளுக்குச் சாதாரண வரிவிகிதம் கிடையாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் எழுதிவைத்தது. பலன் நேராக வரவில்லை. 1973-ல் சுமார் 35,000 பேர் வெளியேறியிருந்தார்கள், 1975-ல் அந்த எண்ணிக்கை சுமார் 13,000 ஆகச் சுருங்கியது. மாஸ்கோ வீம்புக்கு நின்றது. பிறகு 1979-ல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

இந்த வரலாற்றை முதன்முதலில் படித்தபோது எனக்கு 1964 நினைவுக்கு வந்தது. பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். என் பாட்டியின் தங்கை துறைமுகத்தில் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு சென்னையில் இறங்கினார். வெளியேறும்போது எதை எடுத்துப் போகலாம் என்பதும் மனித உரிமைதான். ஆனால் அன்று எந்த நாட்டின் வர்த்தகச் சட்டத்திலும் அதற்கு ஒரு வரி இடம் இருக்கவில்லை. அந்தக் கொடியின் நினைவு எங்கள் குடும்பத்தில் இன்னும் இருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட சட்டமே தேவையில்லை, வெள்ளைக்காரர்களின் தலையீடு இது என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

1984-ல் அமெரிக்கா தன் சலுகைத் திட்டத்தில் தொழிலாளர் உரிமையை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தது. 1988 கிளர்ச்சிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் பிறகு, 1989-ல் அதன்படி பர்மாவின் சலுகையை நிறுத்தியது. உண்மையைச் சொன்னால் அதனால் இங்கே பெரிதாக ஒன்றும் அசையவில்லை. அமெரிக்கத் திட்டம் ஆயத்த ஆடைகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துக்கொண்டதே கிடையாது, அன்று நம்மிடம் அனுப்புவதற்கும் அதிகம் இல்லை.

ஐரோப்பா செய்தது வேறு மாதிரி. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1995-ல் சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து புகார் கொடுத்தன: பர்மாவில் கட்டாய உழைப்பு நடக்கிறது, உங்கள் சட்டப்படி அது சலுகையை நிறுத்தப் போதுமான காரணம் என்று. 1996 தொடக்கத்தில் விசாரணை திறந்தது. விசாரணைக் குழுவை உள்ளே விட இங்கிருந்த அரசு மறுத்தது. வெளியே தப்பி வந்தவர்களின் சாட்சியங்களைக் கேட்டு முடிவெடுத்தார்கள். அதே 1997 மார்ச்சில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையத்துக்கும் விசா கிடைக்கவில்லை. தாய்லாந்து, வங்காளதேசம், இந்தியா என்று சுற்றிச் சுமார் 250 பேரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தது.

கட்டாய உழைப்பு என்றால் என்ன என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊரில் அதற்குப் பெயர் 'லொ ஆ பே'. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்று பொருள். பகோடாவில் கூட்டிப் பெருக்குவதற்கும் அதே சொல்தான், விருப்பத்தோடு செய்வோம். ஆனால் என் தாய்மாமன் தெற்கே யே என்ற ஊர்ப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. 1993-லிருந்து யேயிலிருந்து தவாய்க்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் வழியாக ஒரு துண்டுச் சீட்டு வரும். வீட்டுக்கு ஓர் ஆள். மண்வெட்டி, கூடை, சோறு, மருந்து எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கூலி கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை அடி நீளம், இத்தனை அடி உயரம் மண் கொட்டியாக வேண்டும் என்று மூங்கில் குச்சி நட்டு அளந்து கொடுப்பார்கள். மழை வந்து மண் கரைந்தால் அடுத்த முறை அதே இடத்தில் மறுபடியும் கொட்ட வேண்டும். போக முடியாதவர்கள் பணம் கட்டி மாற்று ஆள் அனுப்பலாம். மாமா இரண்டு தடவை பணம் கட்டினார், மூன்றாவது தடவை கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மலேரியாவோடு திரும்பி வந்தார். அந்தத் துண்டுச் சீட்டை மாமி ராமாயணப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். சீட்டில் 'வேண்டுகோள்' என்றுதான் எழுதியிருந்தது.

ஆணையம் 1998-ல் வெளியிட்ட அறிக்கை மூன்றே காரியங்களைக் கேட்டது. இப்படி ஆட்களைப் பிடிக்க இடம் கொடுத்த கிராமச் சட்டத்தையும் நகரச் சட்டத்தையும் திருத்துங்கள். நடைமுறையில், முக்கியமாக ராணுவம், இதைச் செய்வதை நிறுத்துங்கள். செய்கிறவர்களைத் தண்டனைச் சட்டத்தின் 374-ஆம் பிரிவின்கீழ் தண்டியுங்கள். முதலில் சொன்ன இரண்டு சட்டங்களும் ஆங்கிலேயர் காலத்தில் எழுதியவை, விடுதலைக்குப் பிறகு யாரும் அவற்றை ஒழிக்கவில்லை. கட்டாய உழைப்பை ஒழிக்கும் 29-ஆம் எண் உடன்படிக்கையிலோ பர்மா 1955-லேயே கையெழுத்திட்டிருந்தது.

அதன் பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன, ஆனால் நடந்தன. 1999 மே மாதம் கட்டாய உழைப்பு வாங்கக் கூடாது என்று ஓர் உத்தரவு. 2000-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் சட்டத்தின் 33-ஆம் பிரிவை முதன்முறையாகப் பயன்படுத்தியது, அதுவும் பர்மா மீது. உறுப்பு நாடுகள் பர்மாவோடு தங்களுக்குள்ள உறவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. 2002-ல் அந்த அமைப்பின் தொடர்பு அதிகாரி ஒருவர் யாங்கோனில் உட்கார அனுமதி கிடைத்தது. 2007-ல் பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக அவரிடம் புகார் கொடுக்க வழி பிறந்தது. 2012-ல் அந்தப் பழைய சட்டங்கள் இரண்டும் நீக்கப்பட்டன. 2013 ஜூலையில் ஐரோப்பா சலுகையைத் திருப்பிக் கொடுத்தது. பதினாறு ஆண்டுகள்.

இதில் சலுகையை நிறுத்தியதற்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், பணத்தின் அளவில் சொற்பம் என்பேன். 1997-க்குப் பிறகும் ஐரோப்பாவுக்கு நாங்கள் அனுப்பிய பெட்டிகள் கூடிக்கொண்டுதான் போயின. அன்று பெரிய ஜவுளி நாடுகளுக்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது, நமக்கு அவ்வளவாக இல்லை. ஆகவே வரி கட்டியும் இங்கே தைக்க ஆள் வந்தது. 2001-ல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கெல்லாம் ஆயுதம் தவிர எல்லாப் பொருளுக்கும் வரியை ஐரோப்பா எடுத்துவிட்டது, பர்மாவை மட்டும் வெளியே நிறுத்தியது. அது அவமானமாக உறைத்தது. ஆனால் உண்மையான பலன் வேறிடத்தில் இருந்தது என்று நினைக்கிறேன். கேட்ட காரியம் தெளிவாக இருந்தது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எதை நிறுத்த வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். அரசு மனம் மாறியதற்குப் பல காரணங்கள் உண்டு. மாற நினைத்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் கையில் தயாராக இருந்ததே, அதுதான் பெரிய உதவி.

இப்போது எதிர்ப்பக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது.

2003 மே 30 அன்று டெப்பயினில் ஆங் சான் சூ சி அம்மையாரின் வண்டிகளை மறித்துத் தாக்கினார்கள். இரண்டு மாதத்துக்குள் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. இது சலுகையைக் குறைக்கும் சட்டம் இல்லை. பர்மாவிலிருந்து எந்தப் பொருளும் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்ற முழுத் தடை. நம் ஆயத்த ஆடைகளை அதிகம் வாங்கிக்கொண்டிருந்தது அமெரிக்காதான். அம்மையாரும் அந்நாளில் தடைகளை ஆதரித்தார். நாங்களும் கோபத்தில் இருந்தோம், சரிதான் என்று நினைத்தோம்.

ஆகஸ்டில் நான் வேலை செய்த ஆலையில் முதலில் மேலதிக நேர வேலை நின்றது. பிறகு பன்னிரண்டு தையல் வரிசைகளில் ஏழு இருட்டாயின. அமெரிக்கக் கடைகளின் பெயர் நெய்த கழுத்துப்பட்டைகள் சாக்குச் சாக்காகக் கிடந்தன, எரிப்பதா வைத்திருப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி நாள் சம்பளம் கொடுக்கும்போது மேசைக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து பெயர் வாசித்தேன். எங்கள் தாம்வே தெருவைச் சேர்ந்த ஓர் அக்கா, காலர் தைப்பதில் கெட்டிக்காரர், வரிசையில் வந்தார். கையில் நூல் வெட்டும் சிறு கத்தரியும், முக்காலியில் போட்டு உட்காரத் தாமே பழைய கைலித் துணியில் தைத்துக்கொண்ட திண்டும். ஏழு ஆண்டு அதன்மேல் உட்கார்ந்ததில் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அந்த மாதக் கூலியைத் தவிர வேறு ஒரு கியாட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. "நாங்கள் என்ன தம்பி செய்தோம்?" என்று கேட்டார். அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றேன். "எங்களுக்காகப் போட்டதா, எங்களுக்கு எதிராகப் போட்டதா?" என்றார். நமக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நாள் தெருமுனையில் இட்லி விற்றார், பிறகு எல்லை தாண்டித் தாய்லாந்தின் மே சோட்டுக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு வேலை இழந்த பல்லாயிரம் பெண்களில் எத்தனை பேர் அந்த வழியே போனார்கள் என்று கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

அந்தச் சட்டம் எரிவாயுவைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். எரிவாயு தாய்லாந்துக்குக் குழாயில் போனது, அந்தப் பணம் நிற்காமல் ஆட்சியாளர்களுக்கு வந்தது. மாணிக்கமும் ஜேடும் மூன்றாம் நாடுகள் வழியாகச் சுற்றிப் போயின. 2008-ல்தான் அந்த ஓட்டையை அடைக்கத் தனிச் சட்டம் வந்தது. தடையின் முழு எடையும் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்மீது இறங்கியது. அமெரிக்கத் தடை 2012 முடிவில் பெரும்பாலும் தளர்ந்தது.

இலங்கைக் கதையையும் தொட வேண்டும், நம்மில் பலர் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே இருந்தது கூடுதல் சலுகை. மனித உரிமை, தொழிலாளர், சுற்றுச்சூழல், நல்லாட்சி என்று 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தும் நாட்டுக்குத்தான் அது கிடைக்கும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையும் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையும் மீறப்பட்டன என்று விசாரணையில் கண்டு, 2010 ஆகஸ்டில் ஐரோப்பா அதை நிறுத்தியது. 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. இடையில் ஆட்சி மாறியது, சில வாக்குறுதிகள் கிடைத்தன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியும் அதில் ஒன்று. சலுகை திரும்பி வந்த பிறகும் அந்தச் சட்டம் நீடித்தது. வாக்குறுதிக்கே சலுகையைத் திருப்பிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். நம் விஷயத்தில் கிராமச் சட்டத்தை நீக்கிய பிறகுதான் கொடுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

2013-க்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தவர். லைங் தாயாவில் நெல்வயலாக இருந்த இடமெல்லாம் கொட்டகை எழுந்தது. வெளிநாட்டுத் துணியை இங்கே தைத்தாலே போதும், வரி இல்லை என்ற விதி நம் ஆலைகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. 2011-ல் வந்த சட்டத்தின்படி சங்கம் வைக்க முடிந்தது. 2015-ல் நாளொன்றுக்கு 3,600 கியாட் என்று முதல் குறைந்தபட்சக் கூலி வந்தது, 2018-ல் அது 4,800 ஆனது. போதாத கூலிதான். ஆனாலும் இருபது வயதுப் பெண்கள் முதலாளியின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பேரம் பேசியதை நான் பார்த்தேன். என் குமாஸ்தா வாழ்க்கையில் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தச் சங்கங்களுக்கு ஒரு பலம் பின்னால் இருந்தது. சங்கத்தை நசுக்கினால் ஐரோப்பாவில் கேள்வி வரும் என்று முதலாளிக்குத் தெரியும்.

ராக்கைன் மாநிலத்தில் ரோஹிங்கியா மக்களுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, 2018 அக்டோபரில் ஐரோப்பியக் குழு ஒன்று சலுகையைப் பற்றி விசாரிக்க வந்தது. முழு ஆலைத் தொழிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் நம் அரிசிக்கும் கம்போடிய அரிசிக்கும் டன்னுக்கு 175 யூரோ என்று வரி போட்டார்கள். காரணம் மனித உரிமை இல்லை. இத்தாலிய நெல் விவசாயிகளின் நஷ்டம்தான் காரணம். 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றமே அது செல்லாது என்றது. ராக்கைன் மக்களுக்காக ஒரு வரியும் ஏறவில்லை, சொந்த விவசாயிக்காக மட்டும் ஏறியது. இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கம்போடியாவுக்கு வேறொரு வழி கையாண்டார்கள். எதிர்க்கட்சியையும் சங்கங்களையும் ஒடுக்கியதற்காக 2020 ஆகஸ்டில் சலுகையின் ஒரு பகுதியை மட்டும், ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தார்கள். சில வகை ஆடைகளுக்கும் காலணிகளுக்கும் வரி வந்தது, மற்றவை தப்பின.

இனி இன்றைய நிலை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பதினாறு தொழிலாளர் அமைப்புகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். மார்ச் 14 அன்று உங்கள் லைங் தாயாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பா தளபதிகள்மீதும் அவர்களின் நிறுவனங்கள்மீதும் தடை போட்டது, ஆடைகளுக்கான வரிச் சலுகையைத் தொடவில்லை. அமெரிக்காவின் பொதுச் சலுகைத் திட்டமோ 2020 முடிவிலேயே காலாவதியாகிவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மறுபடி விசாரணை ஆணையம் அமைத்து, 2023-ல் அறிக்கை வெளியிட்டு, 2025 ஜூனில் பர்மா மீது இரண்டாவது முறையாக 33-ஆம் பிரிவைப் பயன்படுத்தியது. சலுகையை நிறுத்தச் சொல்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. சங்கம் வைத்தால் சிறை என்ற நாட்டில், சங்க உரிமையை நிபந்தனையாகக் கொண்ட சலுகை தொடர்வது சட்டத்தின் எழுத்துக்கே பொருந்தாது.

ஆனாலும் முழுச் சலுகையையும் எடுப்பதை நான் எதிர்க்கிறேன். காரணம் அந்த அக்காவின் திண்டு மட்டும் இல்லை. தடை வந்தாலும் வாடாதவை எரிவாயுவும் கனிமமும். முதலில் சாகும் தொழில் தையல். பெண்கள் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் கூடி, ஒருவர் கூலியை ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய இடம் இந்நாட்டில் வேறு எது இருக்கிறது? அந்தக் கூரையைப் பிரித்துவிட்டால் நாளை சங்கத்தை எங்கே கட்டுவது? என் விருப்பத்தைக் கேட்டால் கம்போடியாவைப் போலப் பகுதியாக, 1998 அறிக்கையைப் போலப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பேன்: சிறையிலிருக்கும் சங்கத்தினரை விடுதலை செய்யுங்கள், பதினாறு அமைப்புகள்மீதுள்ள தடையை நீக்குங்கள், செய்தால் எடுத்ததைத் திருப்பித் தருகிறோம் என்று.

நாட்டைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கும் சட்டங்களும் வந்துகொண்டிருக்கின்றன. கட்டாய உழைப்பில் உருவான பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் விற்கக் கூடாது என்று ஐரோப்பா 2024-ல் இயற்றிய சட்டம் 2027 டிசம்பரில் அமலுக்கு வருகிறது. சீனாவின் சின்ஜியாங் பருத்திக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் 2022 முதலே நடப்பில் இருக்கிறது. இது உங்கள் அக்காவின் ஆலையையும் தொடும். துணி எங்கிருந்து வருகிறது என்று வாங்குபவர் துருவித் துருவிக் கேட்பார். தப்பு செய்த ஆலைக்குத் தண்டனை, செய்யாத ஆலைக்கு இல்லை என்பதால் இந்த வழி எனக்கு அதிக நியாயமாகப் படுகிறது. ஆனால் உள்ளே போய்ச் சரிபார்க்க ஆள் வேண்டும், சொல்ல நினைப்பவருக்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும். இப்போது இங்கே இரண்டும் குறைவு.

கடைசியாக, வீட்டுக்குப் பயன்படும் இரண்டு விஷயம். சலுகை ஒரே இரவில் போகாது. விசாரணையைத் தொடங்கும் அறிவிப்பு வரும், ஆறு மாதம் கண்காணிப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள், முடிவெடுத்த பிறகும் அது அமலாக ஆறு மாதம் ஆகும். கம்போடியாவுக்கு 2019 பிப்ரவரியில் தொடங்கி 2020 ஆகஸ்டில்தான் முடிந்தது, சரியாகப் பதினெட்டு மாதம். இன்று வரப்போகிறது, நாளை மூடப்போகிறோம், அதனால் கூலியைக் குறைத்துக்கொள் என்று யாராவது அக்காவிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, 2003-ல் அந்த அக்காவிடம் இல்லாதது. ஆட்குறைப்புக்கு நஷ்டஈடு எவ்வளவு என்று 2015-ஆம் ஆண்டு அறிவிப்பு ஒன்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. மூன்றாண்டு முடித்தவருக்கு மூன்று மாதச் சம்பளம், நான்காண்டு முடிந்து ஆறாண்டுக்குள் இருப்பவருக்கு நான்கு மாதச் சம்பளம். உங்கள் அக்காவுக்கு ஐந்தாண்டு ஆகிறது என்கிறீர்கள். ஆனால் அந்த ஐந்தாண்டையும் காகிதத்தில் காட்ட வேண்டும். சில ஆலைகளில் ஆண்டுதோறும் புது ஒப்பந்தம் எழுதி வாங்கி, போன மாதம் சேர்ந்தவர் போலக் காட்டிவிடுகிறார்கள். முதல் வேலை ஒப்பந்தத்தின் நகல், பழைய சம்பளச் சீட்டுகள், சமூகப் பாதுகாப்பு அட்டை எல்லாவற்றையும் இன்றைக்கே தேடி எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஆலையின் அலமாரியில் வேண்டாம்.